கீசர் டீசர் என்றால் என்ன, வெந்நீர் விளம்பரமா?

கடைசி வரிசை எழுதியது:

நண்பர்களே, ஒரு சின்ன சந்தேகம். ஒரு ஆங்கிலப் படத்துக்கு விமர்சனம் படித்துக்கொண்டிருந்தேன். "இதுவும் வழக்கமான கீசர் டீசர்தான்" என்று ஒரே வரியில் படத்தை ஓரங்கட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கீசர் குளியலறைச் சுவரில் இருப்பது. எனக்குத் தெரிந்த டீசர் டிரெய்லருக்கு முன்னால் விடுவது. இரண்டையும் சேர்த்தால் வெந்நீர் விளம்பரம் மாதிரிதான் வருகிறது.

படத்தைப் பார்த்த பிறகு லேசாகப் பிடிபட்டது. போஸ்டர் முழுக்க ஹாலிவுட் சண்டைப்பட நடிகர் புரூஸ் வில்லிஸ் முகம், கையில் துப்பாக்கி, பின்னால் நெருப்பு. அப்பா, அவர் நடித்த டை ஹார்டு படம் வந்த காலத்து ரசிகர், போஸ்டரைப் பார்த்ததுமே "இதைப் போடு" என்றார். ஒன்றரை மணி நேரப் படத்தில் வில்லிஸ் ஏழெட்டு நிமிடம் வந்திருந்தால் அதிகம், அதிலும் பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசுகிறார். மீதிப் படம் முழுக்க முன்பின் பார்த்திராத ஒரு பையன் காட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறான். அப்பா நடுவில் இரண்டு தடவை "அவர் எப்பப்பா வருவார்?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை கேட்காமல் தூங்கிவிட்டார்.

இந்த மாதிரிப் படத்துக்குத்தான் அந்தப் பெயரா? கீசர் என்று யாரைச் சொல்கிறார்கள், நடிகரையா, உட்கார்ந்து பார்க்கிற எங்களையா? அப்புறம், இதற்குத் தமிழில் ஒரு சொல் சொல்லுங்களேன்.

சொல்வேட்டை எழுதியது:

வெந்நீர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கீசர் இரண்டு உண்டு, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலும் வேறு வேறு. குளியலறைக் கீசர் ஐஸ்லாந்தில் இருக்கும் கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கீசர் என்றார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அமெரிக்கர்கள் வாயில் அது கைசர் ஆகிவிடும், அதனால் நீங்கள் அடித்த ஜோக் அவர்களுக்குப் புரியாது.

படத்துக்குப் பெயர் கொடுத்த கீசர் வேறு. பிரிட்டனில் அதற்குச் சும்மா 'ஆள்' என்றுதான் அர்த்தம், இருபது வயதுப் பையனையும் அப்படிச் சொல்லலாம். அமெரிக்காவுக்குப் போனதும் அது கிழவன் ஆகிவிட்டது, அதுவும் கொஞ்சம் சிடுமூஞ்சிக் கிழவன். எனக்குப் பிடித்த விஷயம் இதன் வேர்தான். வேஷம் கட்டி ஆடுகிறவனுக்கு அங்கே இருந்த ஒரு பழைய வட்டாரச் சொல் திரிந்து கீசர் ஆனது என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இந்த வடிவில் எழுத்தில் வருகிறது. வேஷக்காரன் கிழவனாகி, கடைசியில் மறுபடி சினிமாக்காரனிடமே வந்து சேர்ந்திருக்கிறான்.

டீசர் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த இடத்தில் 'ஆசை காட்டி ஏய்ப்பது' என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது. பெரியவரைக் காட்டி இழுத்து, பெரியவரைக் கண்ணில் காட்டாமல் விடுகிற படம். ஹாலிவுட்காரர்கள் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல், 2021இல் ஒரு அமெரிக்க இதழ் இப்படிப் படம் எடுக்கும் தயாரிப்பாளர் ஒருவரைப் பற்றி நீளமாக எழுதிய பிறகு வெளியாட்கள் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. நடிகரா பார்ப்பவரா என்ற கேள்விக்கு, நடிகர்தான். ஆனால் உங்கள் அப்பா கதையைக் கேட்டபிறகு எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஏரியா விநியோகம் எழுதியது:

வியாபாரப் பக்கத்தைப் பார்க்காமல் இந்தப் படங்களைத் திட்டினால் விஷயம் பாதிதான் புரியும். இவை டிக்கெட் விற்றுப் பிழைக்கிற படங்களே இல்லை. பூஜை போடும்போதே ஏரியாவை விற்றுவிடுவது என்று சினிமாக்காரர்கள் சொல்வார்களே, அதே கணக்குதான். இங்கே ஏரியா என்பது ஜெர்மனி, ஜப்பான், மத்திய கிழக்கு, லத்தீன் அமெரிக்கா என்று நாடு நாடாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரான்ஸில் கான் திரைப்பட விழா நடக்கும்போது கூடவே 1959 முதல் ஒரு படச் சந்தை நடக்கிறது. அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபிலிம் மார்க்கெட் ரொம்ப வருடம் சான்டா மோனிகாவில் நடந்தது. அங்கே வாங்க வருகிறவருக்குக் கதை கேட்க நேரமில்லை. போஸ்டர், என்ன வகைப் படம், யார் முகம், இந்த மூன்றுதான் பார்வை. நகைச்சுவை நாடு தாண்டாது, வசனம் மொழிபெயர்ப்பில் செத்துப்போகும், துப்பாக்கிச் சூட்டுக்கு மட்டும் எந்த ஊரிலும் விளக்கவுரை வேண்டாம். புதுப்பையன் துப்பாக்கி பிடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 1990களில் உலகம் முழுக்க ஓடிய ஒரு முகம் பிடித்தால் எல்லா நாட்டிலும் ஒரு விலை உண்டு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அந்த ஆயிரம் பொன்னைத்தான் இங்கே எம்.ஜி.யாக, அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையாக, எழுதி வாங்குகிறார்கள்.

அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வங்கியில் கடன். எங்கே வரிச்சலுகை அதிகமோ அங்கே படப்பிடிப்பு. ஜார்ஜியா மாநிலம் செலவில் 30 சதவீதம் வரை தருகிறது, போர்ட்டோ ரிக்கோவில் உள்ளூர்ச் செலவுக்கு 40 சதவீதம். கதை எங்கே நடந்தால் என்ன, அதனால்தான் ஏதோ ஒரு அமெரிக்க ஊர் என்று சொல்லிவிட்டுப் பின்னால் பனைமரத்தைக் காட்டுவார்கள். ஆக, கேமரா ஓடுவதற்கு முன்பே போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்ட மாதிரி. படம் நன்றாக வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நன்றாக எடுக்க வேண்டிய அவசியமே ஒருவருக்கும் இல்லாத ஒரு தொழில்.

அந்த முகம் இல்லையென்றால் ஒப்பந்தம் கிடையாது, அதனால் சம்பளத்தில் கைவைக்க முடியாது. மிச்சம் பிடிக்க இருக்கும் ஒரே வழி கால்ஷீட்டைச் சுருக்குவதுதான். வில்லிஸுக்கு இரண்டு நாள் வேலைக்கு 20 லட்சம் டாலர் வரை கொடுத்ததாக லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 2022இல் எழுதியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு. அவுட் ஆஃப் டெத் என்ற படத்தில் அவர் பகுதி முழுவதும், ஏறக்குறைய 25 பக்கம், ஒரே நாளில் எடுக்கப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நீங்கள் சொன்ன நாற்காலியும் போனும் சட்டென்று புரிந்துவிடும். ஒரே அறை, ஒரே சட்டை. எதிரில் இருப்பவர் வேறு நாளில் பேசிக்கொள்ளலாம், அதனால் போன். அவர் நடந்துபோவதாகக் காட்டினால் முதுகுதான் தெரியும், அது டூப். கதாநாயகனும் அவரும் ஒரே ஃபிரேமில் முகம் தெரிய நிற்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். ஒருமுறை கவனிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் படத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது, அந்தப் பாவத்துக்கு நான் பொறுப்பில்லை.

அமெரிக்காவுக்குள் விற்பதும் இதே முகம்தான். பேருக்குச் சில தியேட்டரில் போட்டுவிட்டு அன்றைக்கே வீட்டில் காசு கட்டிப் பார்க்க விட்டுவிடுவார்கள். ரெட்பாக்ஸ் என்று சூப்பர்மார்க்கெட் வாசலில் பட டிஸ்க்கை வாடகைக்குத் தரும் சிவப்புப் பெட்டி முன்பு இருந்தது, அதில் டிஸ்க் எடுப்பவர் பின்னால் ஆள் நிற்கிறதே என்ற அவசரத்தில் தெரிந்த முகத்தைத் தொட்டுவிடுவார். 2024இல் அந்தக் கம்பெனி திவாலாகிப் பெட்டிகள் போய்விட்டன. இப்போது அதே வேலையைச் செயலியில் வரும் சின்னப் படம் செய்கிறது, உங்கள் அப்பாவிடம் செய்ததைப் போல.

நள்ளிரவுக் காட்சி எழுதியது:

சொல் புதுசு, வித்தை பழசு.

பேலா லுகோசி, 1931இல் வந்த டிராகுலா படத்தில் டிராகுலாவாக நடித்தவர். எட் வுட் என்ற இயக்குநர் அவரை வைத்து ஒலியில்லாமல் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார், என்ன படத்துக்கு என்று அவருக்கே தெளிவில்லை. 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்துபோனார். வுட் விடவில்லை. கையில் இருந்த சில நிமிடத்தைப் பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ் படத்தில் சேர்த்து, மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்கு எலும்பு முறுக்கு வைத்தியம் பார்த்தவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் லுகோசியைவிட உயரம், முகச்சாயலும் இல்லை. அதனால் மனுஷன் படம் முழுக்க மேலங்கியால் மூக்குவரை மூடிக்கொண்டு அலைகிறார். போஸ்டரில் லுகோசி பெயர் ஜம்மென்று இருக்கும். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது.

இன்னொரு பழைய பேய்ப்பட நட்சத்திரம் போரிஸ் கார்லாஃப் கதை இன்னும் பரிதாபம். 1968இல் அவருக்கு எண்பது வயது, நுரையீரல் போய் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு இருந்தார். மெக்ஸிகோ தயாரிப்பாளர் ஒருவர் நான்கு படத்துக்கு அவரை ஒப்பந்தம் செய்தார், அங்கே பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்காது என்பதால் நான்குக்கும் அவர் காட்சிகளை லாஸ் ஏஞ்சல்ஸிலேயே சேர்த்து எடுத்துக்கொண்டு, மற்றதை மெக்ஸிகோவில் எடுத்தார்கள். 1969 பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கார்லாஃப், மலிவு பட்ஜெட் படத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். கார்மன் பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, இந்த இரண்டு நாளையும் என் பழைய படத்தில் கொஞ்சத்தையும் வைத்து ஒரு புதுப்படம் பண்ணிக்கொள் என்றார். கீசர் டீசருக்கு இதைவிடச் சுத்தமான செய்முறை இருக்க முடியுமா? அந்தப் பையன் என்ன செய்தார் என்றால், காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று தெரிந்துகொண்ட ஒரு வயதான பேய்ப்பட நடிகரைப் பாத்திரமாக்கி அதையே கார்லாஃபிடம் கொடுத்தார். டார்கெட்ஸ், 1968. கார்லாஃப் இரண்டு நாள் கணக்குப் பார்க்காமல் கூட நாள் வந்து நடித்துக் கொடுத்தார். ஆக, பட்ஜெட்டையும் கால்ஷீட்டையும் மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது ஏரியா சார்.

போகிற போக்கில் ஒன்று. ஆண்களுக்கு இந்தப் பட்டம் இப்போதுதான் வந்தது. பெண்களுக்கு 1960களிலேயே கிடைத்துவிட்டது. 1962இல் பெட்டி டேவிஸும் ஜோன் கிராஃபோர்டும் சேர்ந்து நடித்த படம் ஓடிய பிறகு, பழைய நாயகிகளைப் பைத்தியக்காரிகளாகக் காட்டுகிற பேய்ப்பட வரிசையே கிளம்பியது. அதற்கு வைத்த பெயர்களை மொழிபெயர்த்தால் 'சூனியக்காரக் கிழவி வியாபாரம்' என்கிற ரகத்தில் வரும். அப்போது டேவிஸுக்கு வயது 54. ஐம்பத்தி நான்கு!

வெறும் பார்வையாளன் எழுதியது:

அப்படியென்றால் லியாம் நீசன் படங்களும் இதில் சேருமா? நிக்கோலஸ் கேஜ்? வருடத்துக்கு நாலு படம் வருகிறதே.

சொல்வேட்டை எழுதியது:

நீசன் சேரமாட்டார். அவர் முதல் காட்சியிலிருந்து கடைசிவரை வந்து, ஓடி, அடித்து, அடிவாங்குகிறார். 2008இல் அவருடைய டேக்கன் படம் வந்தபோது அவருக்கு 55 தாண்டியாயிற்று, அதற்கப்புறம் கிளம்பிய வகைக்கு ஜெரியாக்‌ஷன் என்று இன்னொரு சொல் வைத்தார்கள், முதியோர் மருத்துவத்தையும் சண்டையையும் ஒட்டுப்போட்டது. அதில் போஸ்டரில் இருப்பவர் படத்திலும் இருப்பார்.

கேஜ் விஷயம் தகராறு. வரிக்கடனில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் வந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார், அதை அவரே மறைக்கவில்லை, கடனைக் கட்டி முடித்துவிட்டதாக 2022இல் சொன்னார். ஆனால் படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அவர் அதில் முழுசாக வருவார், தேவைக்கு மேலேயே வருவார். அந்தக் குவியலிலிருந்துதான் மேண்டி, பிக் என்ற இரண்டு நல்ல படங்களும் வந்தன. நான் சேர்க்கமாட்டேன்.

ஏரியா விநியோகம் எழுதியது:

வியாபாரி கண்ணில் கேஜும் அதே ரகம்தான். வாங்குகிறவன் போஸ்டரைப் பார்த்துத்தான் வாங்குகிறான், நடிகர் உள்ளே எவ்வளவு உயிரைக் கொடுத்தார் என்று அளந்து பார்த்து இல்லை.

முதல் பாதி எழுதியது:

எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்கள், நானும் முன்பு சிரித்தவன்தான். ஆனால் வில்லிஸ் பெயரை வைத்து இந்த இழை ஆரம்பித்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மோசமான படங்களுக்கு விருது கொடுக்கும் ராஸிக்காரர்கள் 2021ஆம் வருடப் படங்களுக்கு அவருக்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். எட்டுப் படம், எட்டிலும் அவரே போட்டியாளர், எதில் ரொம்ப மோசம் என்று பார்த்து 'பரிசு' கொடுத்தார்கள். அது 2022 மார்ச் கடைசி வாரம். அந்த வாரமே, மார்ச் 30ஆம் தேதி, அவருக்கு அஃபேசியா, பேச்சும் சொல்லும் பிடிபடாமல் போகிற நோய், நடிப்பிலிருந்து விலகுகிறார் என்று குடும்பம் அறிவித்தது. மறுநாள் ராஸிக்காரர்கள் அந்தப் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2023 பிப்ரவரியில் அது ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற ஒரு நோய், என்று குடும்பமே தெளிவாகச் சொன்னது.

ஏரியா மேலே குறிப்பிட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் செய்தியின் மற்ற பகுதியும் இருக்கிறது. காதில் சின்ன ஒலிக்கருவி வைத்து இன்னொருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். அவுட் ஆஃப் டெத் இயக்குநர், படப்பிடிப்புக்கு முன்பே, அவர் பேசும் பக்கங்களில் ஒரு ஐந்தைக் குறைக்க வேண்டும், நீளமாகப் பேசுகிற இடம் எதுவும் வேண்டாம் என்று எழுத்தாளருக்கு எழுதியிருக்கிறார். நான்கு வருடத்தில் இருபதுக்கு மேல் படம்.

இப்போது அந்த நாற்காலியையும் போனையும் நினைத்துப் பாருங்கள். கால்ஷீட் மிச்சம் பிடிக்கத்தான் உட்காரவைத்தார்கள் என்று ஏரியா சொல்வது சரியாகவே இருக்கலாம், எனக்கு அந்தக் காட்சிகளை அப்படி மட்டும் பார்க்க முடியவில்லை. வேலை செய்ய அவர் விரும்பினார், குடும்பத்துக்குச் சேர்த்து வைக்க நினைத்தார் என்று சொல்பவர்களும் உண்டு, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தும் அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யார் யார் என்பதைத்தான் கேட்க வேண்டும். போஸ்டர் அடித்து ஏய்த்தவர் ஒருவர், கிழவன் என்று பேர் வாங்குபவர் இன்னொருவர். தமிழில் சொல் தேடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து 'கிழ' என்று ஆரம்பிக்காதீர்கள்.

சொல்வேட்டை எழுதியது:

நியாயம். நான் 'கிழட்டுத் தூண்டில்' என்று டைப் செய்து வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

வயதை விட்டுவிட்டு வித்தையை மட்டும் பிடித்தால் நம்மிடமே சொற்கள் இருக்கின்றன. சும்மா வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார் என்று கல்யாண வீட்டுக்கு வந்தவரைச் சொல்வோம். அதை வைத்து 'தலைகாட்டிப் படம்'. போஸ்டரிலும் தலை, படத்திலும் தலை மட்டும், முதுகு டூப்புடையது, எல்லாம் பொருந்திவருகிறது. 'கௌரவத் தோற்றம்' என்று டைட்டிலில் போடுவார்களே, அது இதற்குப் பொருந்தாது. கௌரவத் தோற்றத்தில் நடிகர் வருவது உபரி, வந்தால் கைதட்டு. இங்கே அவரைச் சொல்லித்தான் காசு வாங்கியிருக்கிறார்கள்.

நள்ளிரவுக் காட்சி எழுதியது:

'ஊறுகாய்ப் படம்' எப்படி? பெரிய ஆளைத் தொட்டுக்க வைத்துக்கொள்வதை ஊறுகாய் என்றுதானே சொல்கிறோம்.

ஏரியா விநியோகம் எழுதியது:

ஊறுகாய் என்றால் சோறு என்று ஒன்று இருக்க வேண்டுமே சார். இதில் சோறு எங்கே? என் ஓட்டு தலைகாட்டிக்கு.

வெறும் பார்வையாளன் எழுதியது:

தலைகாட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் 'தல' ரசிகர்கள் தப்பாக எடுத்துக்கொண்டால் நான் இந்தப் பக்கம் வரவில்லை.

கடைசி வரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெந்நீரில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது.

முதல் பாதி எழுதியதைப் படித்தபிறகு நான் முதலில் எழுதியதைத் திருத்தலாமா என்று யோசித்தேன், 'பாதி நேரம் போன் பேசுகிறார்' என்று கிண்டலாக எழுதியது உறுத்துகிறது. அப்புறம், பார்த்தது பார்த்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் நோய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, டிவி ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், தூங்கிப்போன இடத்திலிருந்து அந்தப் படத்தை மறுபடி போடச் சொன்னார். கடைசிவரை பார்த்தோம். ஏரியா சொன்ன மாதிரி ஒரே ஃபிரேமில் இரண்டு முகமும் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அப்பா கேட்டார்: "காட்டுக்குள்ள ஓடினானே ஒரு பையன், அவன் பேர் என்னப்பா?"

எழுத்து வேகமாகப் போய்விட்டது. ரீவைண்ட் பண்ணித்தான் பார்க்க வேண்டியிருந்தது.